வாடைக்காற்றும் வல்வைப் பட்டமும்

பொங்கலன்று எங்கே போவது என்ற பேச்சு எம் வீட்டில் மார்கழி நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடும். காலையிற் கோயில், நண்பகலில் மாமியார் வீடு, மாலையில் நல்ல உறக்கம் என்பதே நாம் பல்லாண்டு காத்துவந்த முறை. இவ்வாண்டு அம்முறை உடைந்தது. எட்டாந் தரத்திற் பயிலும் எம் இளைய மகள், வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைக் காணாமல் இன்னொரு பொங்கலைக் கழிப்பதில்லை என்று உறுதி பூண்டுவிட்டாள். சென்ற ஆண்டுக் காட்சிகளைக் கைத்தொலைபேசியிலே காட்டினாள். யானையும் மாட்டுவண்டியும் ஆகாயவிமானமும் கடற்கரைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. "இதுதான் பார்த்தாயிற்றே, இனிப் போவானேன்?" என்று கேட்டுப் பார்த்தோம். பலிக்கவில்லை.

வல்வெட்டித்துறையில் எமக்கு ஒரு நண்பர் உளர். முன்னொரு காலத்தில் எம்மோடு ஒரே பாடசாலையிற் கணிதம் கற்பித்தவர். இப்போது ஓய்வு பெற்று, தம் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பத்திரிகை மேசைக்குக் காவலாக இருப்பவர். அவருக்குச் செய்தி அனுப்பினோம். "பொங்கலன்று வந்தால் பட்டத்தைப் பார்ப்பீர்கள். முதல் நாளே வந்தால் ஆட்களைப் பார்க்கலாம். பாயும் தலையணையும் உண்டு" என்று மறுமொழி வந்தது. ஆகவே போகிப் பண்டிகையன்று காலையிலேயே யாழ்ப்பாணத்திற் பஸ் ஏறினோம்.

நீர்வேலியின் வாழைத் தோட்டங்களையும் அச்சுவேலியின் செம்மண் தறைகளையும் கடந்து செல்லும் அவ்வழியை அறியாதார் யாழ்ப்பாணத்திற் சிலரே ஆவர். தொண்டைமானாற்றை அணுகும்போது மண்ணின் நிறம் மாறுகின்றது. வலப்புறமும் இடப்புறமும் உவர்நீர் வெளி விரிகின்றது. செல்வச்சந்நிதியான் கோயிற் கோபுரத்தைக் கண்டவுடன் பஸ்ஸில் இருந்தோர் அனைவரும் ஒருமுகமாகக் கைகூப்பினர். சாரதியும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். மற்றக் கையை எடுக்காமல் விட்டது முருகன் செயல். அப்பாற் சிறிது தூரம் சென்றதும் காற்று யன்னலுக்குள்ளே பாய்ந்து எம் கையிலிருந்த பத்திரிகையைப் பறித்தது. கடற்கரை வந்துவிட்டது.

வடமராட்சியின் வடகரையிலே, தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையிற் கிடக்கும் சிறு பட்டினம் வல்வெட்டித்துறை. ஊரார் அதனைச் செல்லமாக வல்வை என்பர். ஒடுங்கிய ஒழுங்கைகள், உயர்ந்த மதில்கள், மதிலுக்கு மேலே முருங்கையும் வேம்பும்; ஒழுங்கை எதுவாயினும் முடிவிற் கடலிலே கொண்டுபோய் விடும். இவ்வூரார் கடலுக்கு அஞ்சாதவர் என்பதை நீச்சல் வீரர்களும் காட்டியிருக்கின்றனர். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் இக்கரையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். இவ்வூரவராகிய ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குச் சென்று திரும்பியும் நீந்தினார்.

ஆனால் வல்வையின் பழம்புகழ் நீச்சலில் அன்று, கப்பலிலே உள்ளது. இக்கரையிற் கட்டிய பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் சென்று, நெல்லும் அரிசியும் பிறவும் ஏற்றி வந்தன. அவற்றுள் அன்னபூரணி என்பதன் கதையை மாணவர் அறிந்திருத்தல் நன்று. வேப்பமரத்தினால் இங்கே கட்டப்பட்ட அக்கப்பலின் நீளம் 89 அடி. உலகைச் சுற்றி வந்த அமெரிக்கக் கடலோடியாகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகளே அதனைச் சுயெஸ் கால்வாய் வழியாகச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்திற் சேர்த்தனர். பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1947 இல் இந்தியாவும் 1948 இல் இலங்கையும் தனித்தனிச் சுதந்திர நாடுகளாகின. சுங்கமும் கடவுச்சீட்டும் இறுகின. இயந்திரக் கப்பல்களின் போட்டி வேறு. பாய்க்கப்பற் கட்டுவது மெல்ல மெல்ல ஒழிந்தது. இன்று கரையிலே கிடப்பவை வெயிலில் மினுங்கும் பைபர் வள்ளங்கள்.

"கப்பல் கட்டியவர்களின் கை எங்கே போயிற்று என்று கேட்டீரல்லவா? வாரும், காட்டுகிறேன்" என்றார் நண்பர். நாம் அப்படிக் கேட்டதாக எமக்கு ஞாபகம் இல்லை. எனினும் பின்தொடர்ந்தோம்.

கடற்கரைக்கு மூன்று வளவு இப்பால், பாதியிற் கட்டி நிறுத்திய ஒரு வீடு. அதன் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கின்றாராம். கூரை போடாத அறைக்கு மேலே சீற்றுப் பரப்பி, அதன் கீழே பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் குந்தியிருந்தனர். நடுவிலே மூங்கிற் சிலாகைகளினாலான ஓர் எலும்புக்கூடு. இரு பக்கமும் வளைந்த விலா எலும்புகள், முன்னே கூரிய மூக்கு, மேலே இரண்டு நெடுங்கம்புகள். கப்பல் என்பதைச் சொல்லாமலே அறிந்தோம். "அன்னபூரணி" என்றாள் மகள், பஸ்ஸிலே சொன்ன கதையை மறவாமல். இளைஞர்களுக்கு அதில் மிக்க மகிழ்ச்சி.

சுவரோரமாக ஒரு பழைய கதிரையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வயது எண்பதுக்கு மேல். அவருடைய பாட்டனார் கப்பல் கட்டிய ஓடாவி. தந்தையார் தோணி கட்டிய ஓடாவி. அவர் தாம் மரவள்ளங்களும், பின்னர் மரவள்ளங்களுக்கும் வேலை குறைந்தபோது கதவு யன்னல்களும் செய்தவர். இளைஞர்கள் அவரை அப்பு என்றழைத்தனர். அவர் எதையும் கையாற் செய்யவில்லை. பார்வை மங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சிலாகையும் கட்டப்படுமுன்னர் அவர் மடிக்கு வந்து போயிற்று. அதனை நடுவிலே சுட்டுவிரலின் மேல் வைத்து நிறுத்திப் பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்தால், "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சீவு" என்று திருப்பிக் கொடுப்பார். கத்தியை வைத்திருந்த பையன் இரண்டு சுருள் சீவுவான். மீண்டும் விரலில் ஏறும்.

"ஐயா, கப்பலுக்கும் இப்படித்தான் பார்ப்பீர்களோ?" என்று வினவினோம்.

"கப்பலை விரலிலை வைக்கேலுமோ, தம்பி?" என்று அவர் சிரித்தார். "ஆனாக் கணக்கு ஒண்டுதான். ஏராக்கட்டை நேராய் இருக்க வேணும். வங்கு ரெண்டு பக்கமும் ஒத்திருக்க வேணும். கடலெண்டாலென்ன, காத்தெண்டாலென்ன, ஒரு பக்கம் பாரம் கூடினாக் கவிட்டுப் போடும்."

கப்பலின் அடிமரத்தை ஏரா என்றும், அதிலிருந்து இருபுறமும் எழும் வளைகால்களை வங்கு என்றும் சொல்வது எம் மாணவருக்குப் புதிதாகலாம். அந்த முற்றத்திலோ பதினாறு வயதுப் பையன்கள் அச்சொற்களைப் பட்டத்துக்கு வழங்கிக்கொண்டிருந்தனர். "வங்கு கழண்டுபோச்சு", "ஏராவிலை கட்டு" என்று அவர்கள் கத்தியதைக் கேட்டு நின்றோம். அகராதியில் இருக்கும் சொல்லுக்கும் வாயில் இருக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம். இப்படி விளங்கியதில்லை.

சிறிது நேரத்தில் அப்பு ஒரு பிணக்கைக் கிளப்பினார். இளைஞர்கள் இரண்டு பாய்மரங்களுக்கும் ஒரே விதமான சதுரப் பாய் வெட்டியிருந்தனர். "உந்தப் பாய் பிழை" என்றார் அவர். அன்னபூரணியின் முன்மரத்திற்றான் சதுரப் பாய். பின்மரத்துக்குச் சரிவான நெடும்பாய். அவர் அக்கப்பலைக் கண்டவரல்லர். அது போன பின்னரே பிறந்தவர். தந்தையார் மண்ணிலே கீறிக் காட்டியது அவர் நினைவில் இருந்தது. பொங்கலுக்கு இன்னும் ஓர் இரவே உள்ளது. பாய்களுக்குத் தாள் ஒட்டியாயிற்று. "அப்பு, மேலை போனாப் பிறகு ஆர் பார்க்கப் போகினம்?" என்று ஒருவன் கேட்டான். முதியவர் விடை சொல்லவில்லை. முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் உட்புறத்திலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கையிலே பசைச் சட்டி. முப்பது வயதிருக்கும். "கிழிச்சுப்போட்டு வேறை வெட்டுவம்" என்று ஒரே சொல்லில் வழக்கைத் தீர்த்தார். தீர்த்தவர் எம்மைக் கண்டு சட்டியைக் கீழே வைத்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டார்.

"சேர், என்னைத் தெரியுதோ?"

தெரிந்தது. முகத்தைக் காட்டிலும் விரைவாக வேறொன்று நினைவுக்கு வந்தது. நாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த தொடக்க காலத்தில், யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகள், வடமராட்சியில் ஒரு பாடசாலையிற் கற்பித்தோம். ஒரு மார்கழி மாதத்தில், இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், கடைசி வாங்கிலிருந்து ஒரு முனகல் ஒலி எழுந்தது. மேசைக்குக் கீழே ஒருவன் பட்டத்துக்குப் பூட்டும் விண்ணை வளைத்து, வாயால் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் அதனை வாங்கி, வகுப்பு முழுவதும் காண, முழங்காலில் வைத்து முறித்தோம். அவன் அழவில்லை. அந்தத் தவணைக்குப் பின்னர் அவன் பாடசாலைக்கு வந்ததாகவும் ஞாபகம் இல்லை. இரண்டுக்கும் தொடர்புண்டா என்று நாம் அன்று விசாரிக்கவில்லை.

இப்போது அவர் மேசன் தொழில் செய்கின்றார். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய், மாலை ஐந்துக்குத் திரும்பி, ஐப்பசியிலிருந்து தை வரை ஒவ்வோரிரவும் இந்தக் கொட்டிலில் இருக்கின்றார். ஊதியம் இல்லை. மூங்கில் தெற்கிலிருந்து லொறியில் வர வேண்டும். அதற்கும் நைலோன் கயிற்றுக்கும் தாளுக்கும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போடுகின்றனர். வெளிநாட்டு உறவினர் சிலர் உதவுவதும் உண்டு. பரிசு கிடைத்தாலும் செலவுக்கு ஈடாகாது என்றார். "பின் எதற்காக?" என்ற கேள்வி எம் நாவின் நுனிவரை வந்தது. அப்போது ஒரு சிறுவன் தன் கொக்குப் பட்டத்தைக் கொண்டுவந்து அவர்முன் நீட்டினான். கேள்வியை விழுங்கிக்கொண்டோம்.

அவர் அச்சிறுவனுக்குக் கற்பித்த முறையை நாம் உற்றுப் பார்த்தோம். எமக்கும் அதுவே தொழில் அல்லவா? பட்டத்தின் முகத்திலே மேலும் கீழுமாகக் கட்டிய சிறு நூல்கள் ஒன்றுகூடும் முடிச்சுக்கு முச்சை என்று பெயர். அந்த முடிச்சிலிருந்தே நெடுநூல் செல்கின்றது. மேல்நூல் ஒரு விரற்கடை நீண்டால் பட்டம் காற்றுக்கு மார்பை முழுதுங் காட்டி இழுக்குமேயன்றி ஏறாது. குறுகினால் முகங்குப்புறக் கவிழப் பார்க்கும். சிறுவனின் முச்சை பிழையாக இருந்தது. அவர் அதைத் திருத்தவில்லை. அவிழ்த்தும் கொடுக்கவில்லை. "ஏத்திப் பார்" என்று அனுப்பினார். சிறுவன் ஒழுங்கையில் ஓடினான். பட்டம் மூக்குக் குத்தியது. திரும்பி வந்தான். "எந்த நூல்?" என்றார். அவன் யோசித்து ஒன்றைத் தொட்டான். "அப்ப விடு" என்றார். மூன்றாம் முறை கொக்குப் பட்டம் வேலியைத் தாண்டி எழுந்தது. இதற்குச் சென்ற நேரம் ஏறக்குறைய ஒரு பாடவேளை.

அன்று மாலை விண் பூட்டும் வேலையை எம் மகளுக்கும் காட்டினார். நாணேற்றிய வில்லைப் போன்றது விண். முன்னர் நாணுக்குப் பனைநாரும் பிரம்பும் சீவி இழுத்தனர். இப்போது பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடாவே பெரும்பாலும் உதவுகின்றது. பட்டத்தின் தலைமாட்டிலே இதனைப் பூட்டினால் காற்று நாடாவை அதிரச் செய்யும். இறுக்கத்துக்கு ஏற்ப ஒலி மாறும். இரவு முழுவதும் பட்டத்தை மரத்திற் கட்டிவிட்டு அவ்வொலியைக் கேட்டபடி உறங்குவது வடமராட்சிச் சிறுவர் கண்ட சுகம். உறங்க முடியாத அயலவர் கருத்து வேறு.

இதுவே தக்க தருணம் என்று கருதி, "அன்று உமது விண்ணை முறித்தது எமது பிழை" என்றோம்.

அவர் நாடாவை விரலாற் சுண்டிப் பார்த்துக்கொண்டே, "அது சரியாய்க் கூவேல்லை, சேர். ஒரு பக்கம் பாரம். நீங்கள் முறிக்காட்டியும் நான் முறிச்சிருப்பன்" என்றார்.

அது பெருந்தன்மையா, உண்மையா என்று இன்றுவரை எமக்குத் தெரியவில்லை.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பசை காய்ச்சியதும், தாள் வெட்டியதும், ஒட்டியதும், கிழித்த பாய்க்குப் பதிலாக நள்ளிரவு வரை இருந்து புதுப்பாய் பொருத்தியதும் அவ்வளவுப் பெண்களே. கோதுமை மாவைக் கட்டிபடாமற் கிண்டி எடுக்கும் பதம் தவறினால் பசை தடித்துப் பாரம் ஏறும் என்று ஒரு மாமி எம் மனைவிக்கு விளக்கினார். பாயின் நிறங்களைத் தெரிந்தவள் பன்னிரண்டாந் தரத்துப் பெண் ஒருத்தி. "அக்கா, நாளைக்கு நீங்களும் கயிறு பிடிப்பீங்களோ?" என்று எம் மகள் கேட்டபோது அங்கே ஒரு மௌனம் உண்டாயிற்று. "நாங்கள் வீட்டு மாடியிலை நிண்டு பார்ப்பம்" என்றாள் அப்பெண். ஏன் என்று மகள் மீண்டும் கேட்டாள். விடையை ஒருவரும் கொடுக்கவில்லை. எம்மிடமும் அது இருக்கவில்லை.

இரவு நண்பரோடு சனசமூக நிலையத்துக்குச் சென்றோம். யாழ்ப்பாணத்து ஊர்களில் வாசிகசாலையாகத் தொடங்கிச் சனசமூக நிலையமாக வளர்ந்த இவற்றைப் பார்த்தவர்களுக்கு ஈண்டு விவரிக்க வேண்டியதில்லை. ஒரு மண்டபம், ஒரு நீண்ட மேசை, பத்திரிகைகள், சுவரிலே மறைந்தோர் படங்கள். அன்றிரவு மேசை முழுவதும் பெயர்ப்பட்டியல்கள் கிடந்தன. யார் வீதியில் நின்று வாகனங்களைத் திருப்புவது, யார் தண்ணீர்ப் பந்தலுக்கு, யார் முதலுதவிக்கு, மறுநாட் காலையில் யார் கடற்கரையிற் பொலித்தீன் பொறுக்குவது என்றெல்லாம் பிரிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பட்டியலில் எம் நண்பரின் பெயர் முதலில் இருந்தது. எழுபதை அண்டிய கணித ஆசிரியர் குனிந்து பொலித்தீன் பொறுக்குவதைப் பற்றி நாம் ஏதோ சொல்ல, "பட்டம் கட்டத் தெரியாது, குனியத் தெரியும்" என்றார்.

மின்கம்பிகளே அவர்களுடைய பெருங்கவலை. பெரிய பட்டத்தின் கயிறு கம்பியில் வீழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றக் கவலை பட்டத்தின் இழுவிசை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் ஓர் இளைஞர் பெரும் பட்டமொன்றின் கயிற்றை விடாமற் பிடித்து, ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குத் தூக்கப்பட்டு, பின்னர் கீழே விழுந்து உயிர் தப்பியதை உலகெங்கும் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. இங்கே கயிறு பிடிக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் அவ்விரவு அக்கதை மீண்டும் சொல்லப்பட்டது: கயிறு போனாற் போகட்டும், கையை விடுக.

பொங்கலன்று நண்பகலுக்குப் பின்னர் ஊர் தன்னைக் காட்டிலும் பலமடங்கு சனத்தை உட்கொண்டது. ஒழுங்கைகள் எல்லாம் மோட்டார் சைக்கிள்கள். பருத்தித்துறை வடை விற்பவரும், கச்சான் விற்பவரும், ஊதுகுழல் விற்பவரும் தத்தம் இடங்களைப் பிடித்துவிட்டனர். கடற்கரையிலே ஒரு புதுமையைக் கண்டோம். கடற்கரைக்கு வந்த சனம் அனைத்தும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது! சிறிது யோசித்தபின் காரணம் விளங்கிற்று. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகின்றது. இக்கரையோ வடக்கு நோக்கியது. ஆகவே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசுகின்றது, பட்டமும் ஊருக்கு மேலேயே நிற்கின்றது. மரமும் வீடும் கலக்காத காற்று அது. உள்ளூர்களிற் காற்று பனைகளில் மோதிச் சுழன்று வருவதாற் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். கடற்காற்று அப்படியன்று, பிடித்த இடத்திற் பிடித்தபடி நிற்கும். வல்வையார் பாய்விரித்து ரங்கூன் சென்ற காலத்திலும் காற்றின் போக்கை அறிந்தே சென்றனர்.

ஒவ்வொன்றாக எழுந்தன. வாய் திறந்து மூடும் முதலை ஒன்று. சில்லுச் சுழலும் வண்டி ஒன்று. இறகடிக்கும் பிராந்து ஒன்று. சனம் ஆரவாரித்தது. நாமும் ஆரவாரித்தோம் என்பதை மறைப்பானேன்? ஆயினும் எம் கண் அடிக்கடி சென்றது, யாரோ ஒரு கிழவர் ஒரு மூலையில் தனியே ஏற்றி நின்ற எட்டுமூலைப் பட்டத்தின் மீதே. அதிலே வேடிக்கை ஒன்றும் இல்லை. அசையாமல் நின்றது. அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு அன்னபூரணி வந்தாள். எட்டுப் பேர் தோளிற் சுமந்து வந்தனர். புதுப்பாய்கள் முன்னே சதுரமாகவும் பின்னே சரிவாகவும் இருந்தன. உடல் காற்றைத் தாங்காது, பாய்களே பறக்க வேண்டும் என்று அவர் முன்னாளே எமக்குச் சொல்லியிருந்தார். கயிற்றை இழுத்தனர். எழுந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, மணலில் வீழ்ந்தது. இரண்டாம் முறை பனையளவு போய், மூக்குக் குத்தி இறங்கியது. சனத்திற் சிலர் சிரித்தனர். நடுவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தனர். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதிரையோடு அப்புவைத் தூக்கி வந்தனர். அவர் கப்பலின் மூக்கைத் தடவினார். அழகுக்காக அதிலே தொங்கவிட்ட தாள் நங்கூரம் கையிற் பட்டது. "துறையை விட்டு வெளிக்கிடேக்கை நங்கூரத்தைத் தூக்கவேணும், தெரியாதோ?" என்று அதனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை அது எழுந்தது.

மெதுவாக, சற்றே ஆடி, பின்னர் நிமிர்ந்து, ஊர்க் கூரைகளுக்கு மேலே சென்று நின்றது. இரண்டு பாய்களும் புடைத்தன. நாலு மாடி உயரத்தில், பிறகு பத்து மாடி உயரத்தில், கப்பல் வடிவம் தெளிவாகத் தெரிந்தது. அப்பு, "பின்பாய் எப்பிடி நிக்குது?" என்று கேட்டார். "சரிவாய் நிக்குது, அப்பு" என்றாள் எம் மகள், ஒருவரும் கேளாமலே. எம் பழைய மாணவர் கயிற்றை இரு கையிலும் பிடித்தபடி பின்னோக்கிச் சாய்ந்திருந்தார். முகத்திலே மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. கணக்குப் போடுபவனுடைய முகம் அது. எம் வகுப்பில் அந்த முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

ஏழெட்டு நிமிடம் நின்றிருக்கும். பின்னர் காற்று ஒருகணம் தளர்ந்தது, முன்பாய் மடிந்தது, பின்மரம் முறிந்து கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து எங்கோ ஒழுங்கைகளுக்கு அப்பாற் போய் மறைந்தது. பரிசு வேறொரு குழுவுக்குப் போயிற்று. நியாயமான தீர்ப்பே. முதலை இன்னும் மேலே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சனம் கலையும்போது அவரோடு நடந்தோம். அக்காள் இலண்டனில் இருக்கின்றார் என்றும், அங்கே வரச்சொல்லிப் பத்திரங்கள் அனுப்பியிருக்கின்றார் என்றும் சொன்னார். மேசன் கூலியில் ஒரு வீட்டை எழுப்ப முடியாது. திருமண வயதில் ஒரு தங்கை இருக்கின்றாள். "போகத்தான் வேணும், சேர்." அடுத்த வாடைக்கு யார் முச்சை பார்ப்பார் என்று கேட்டோம். முன்னே ஓடிக்கொண்டிருந்த கொக்குப் பட்டச் சிறுவனைத் தாடையாற் காட்டினார். அவனுக்கு வயது பதினொன்று.

கப்பல் வீழ்ந்த வீடு அகப்பட்டது. ஓட்டுக் கூரையின் முகட்டிலே அது ஒரு பக்கமாகக் கிடந்தது. வீட்டுக்கார ஆச்சி முற்றத்தில் நின்று, இரண்டு ஓடு உடைந்துவிட்டது என்றும், போன வருடமும் இப்படித்தான் ஒரு விமானம் வந்து விழுந்தது என்றும், இந்தப் பிள்ளைகளுக்கு வேறு தொழில் இல்லையா என்றும் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இளைஞர்கள் தலையைக் குனிந்து கேட்டனர். ஒருவன் ஏணி கொண்டுவந்தான். நம்மவர் சாரத்தை மடித்துக் கட்டி மேலேறினார். ஏறியவர் முதலிற் கப்பலைத் தொடவில்லை, உடைந்த ஓடுகளைப் பார்த்தார். "நாளைக்குக் காலமை வந்து மாத்தித் தாறன், ஆச்சி" என்றார். ஆச்சி இன்னும் சிறிது நேரம் ஏசினார். பின்னர் உள்ளே போய், எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு தேநீர் ஊற்றத் தொடங்கினார்.

எம் மகள் ஏணியின் அடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருமுறை சொன்னோம். மேலேயிருந்து ஒரு பாய் இறங்கி வந்தது. அதை வாங்க அவள் ஒரு கையை மட்டும் எடுத்தாள்.